காதல் சீன் வந்தா டைஸை யார் உருட்டுறது? – வாசகர் கேள்வி பதில்

டேபிள்டாப் ரோல்பிளே கேம் பத்தி போன இதழ்ல எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. சண்டை, மந்திரம், மேப் பத்தி கேப்பீங்கன்னு நெனச்சேன், ஆனா கேட்டது பெரும்பாலும் காதல் பத்தியும் நெருக்கம் பத்தியும்தான், அதுலயும் பல பேர் "இத யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல"ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுசா அதுக்குத்தான்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: நாலஞ்சு பேர் மேஜையை சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா பேசுவாங்க, ஒருத்தர் மட்டும் கேம் மாஸ்டரா (சுருக்கமா ஜிஎம், டிஎம்னும் சொல்வாங்க) இருந்து மத்த எல்லா கேரக்டரையும் (இவங்களைத்தான் என்பிசின்னு சொல்றது) உலகத்தையும் நடத்துவார், முடிவு தெரியாத இடத்துல டைஸ் உருட்டுவாங்க. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதுல முதல்ல அச்சாகி விற்பனைக்கு வந்த ஆட்டம். அது போர் விளையாட்டுகள்ல இருந்து வளந்தது, அதனால வாள் வீச பக்கம் பக்கமா விதி இருந்துச்சு, ஒருத்தர் இன்னொருத்தர் மேல ஆசைப்பட்டா என்ன பண்றதுன்னு பெருசா எதுவும் இல்ல. இன்னைக்கும் பல மேஜைல சிக்கல் வர்றது அந்த காலி இடத்துலதான்.

கேள்வி: எங்க குரூப்ல ஒருத்தர் பார்ட், அதாவது பாட்டுப் பாடி மந்திரம் போடுற பாணன் கேரக்டர் ஆடுறார். போற ஊர்ல எல்லாம் யாரையாவது மயக்குறேன்னு டைஸ் உருட்டுவார், அது கூட பரவால்ல. போன செஷன்ல என் கேரக்டர் மேலயே உருட்டினார், 20 பக்க டைஸ்ல 20 விழுந்துச்சு, "இனிமே உன் கேரக்டர் என் கேரக்டரை லவ் பண்ணியே ஆகணும், ரூல் அதுதான்"னு சொல்லிட்டார். டிஎம் சிரிச்சுட்டு விட்டுட்டார். அதுக்கப்புறம் போகவே பிடிக்கல அக்கா. நான் ஓவரா ரியாக்ட் பண்றேனா?

இல்லம்மா. ஓவரா எதுவும் பண்ணல, உங்களுக்கு பிடிக்காம போனது ரொம்ப சரி.

முதல்ல அந்த "ரூல்" விஷயத்தை முடிச்சிடுவோம், ஏன்னா அவர் அதை வச்சுத்தான் வாயை அடைச்சிருக்கார். 2014ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்படி 20 விழுந்தா தானா வெற்றிங்கிறது அட்டாக் ரோலுக்கு. பேசி சம்மதிக்க வைக்கிற மாதிரி முயற்சிக்கு உருட்டுற செக்குக்கு அப்படி ஒரு விதி கிடையாது, 20ம் சும்மா ஒரு பெரிய நம்பர், அவ்ளோதான். சரி, மந்திரம் போட்டா? அதே புக்ல சார்ம் பர்சன்னு ஒரு மந்திரம் இருக்கு, அதுல மாட்டினவங்க மந்திரம் போட்டவரை நட்பான ஒரு தெரிஞ்சவரா நெனப்பாங்க, காதலரா இல்ல, அது முடிஞ்சதும் நம்மள மயக்கியிருந்தாங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சும் போயிடும். மந்திரமே அவ்வளவுதான் செய்யும்னா வெறும் ஒரு டைஸ் எப்படி காதல் வர வைக்கும்?

ஆனா ரூல்புக்ல வேற மாதிரி எழுதியிருந்தாலும் என் பதில் இதேதான். பூட்டு திறக்குமா, சுவர் ஏற முடியுமா, காவல்காரன் நம்புவானா, இதெல்லாம் உலகம் என்ன பண்ணும்னு கேக்குற கேள்வி, டைஸ் சொல்லலாம். உங்க கேரக்டர் யாரை விரும்புது, யார் தொட்டா ஒத்துக்குதுங்கிறது உங்க கையில இருக்குற விஷயம். அந்த மேஜைல உங்களுக்குன்னு முழுசா சொந்தமா இருக்குறது அந்த ஒரு கேரக்டரோட மனசு மட்டும்தான், மத்தது எல்லாமே டிஎம்முடையது, அதையும் இன்னொருத்தர் டைஸ் போட்டு எடுத்துக்கிட்டா அப்புறம் நீங்க அங்க என்னத்தை ஆடுறது.

பண்ண வேண்டியது என்னன்னா, அடுத்த செஷனுக்கு முன்னாடி டிஎம்கிட்ட தனியா பேசுங்க, மேஜைல எல்லார் முன்னாடியும் வேண்டாம், அங்க திரும்பவும் சிரிச்சு மழுப்ப வாய்ப்பு இருக்கு. "என் கேரக்டர் மேல காதல், மயக்கம் சம்பந்தமா யாரும் டைஸ் உருட்டக்கூடாது, போன தடவை நடந்தது நடக்கலைன்னு வச்சுக்கணும், இதை நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுங்க"ன்னு நேரா கேளுங்க. காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. நல்ல டிஎம்னா அன்னைக்கு சிரிச்சதுக்கு வருத்தப்படுவார், பல பேருக்கு அந்த நிமிஷம் என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் சிரிப்பு வருது. ரெண்டாவது தடவையும் சிரிச்சார்னா அந்த குரூப்பை விட்டு கிளம்புங்க, நல்ல குரூப் வேற கிடைக்கும்.

இதை படிக்கிற டிஎம்களுக்கும் ஒண்ணு. என்பிசி மேல உருட்டினாலும் இதேதான். கடைக்காரம்மாவுக்கு அந்த பார்ட் மேல துளியும் விருப்பம் இல்லைன்னு நீங்க முடிவு பண்ணிட்டா "இங்க டைஸே வேண்டாம், அவங்க முடியாதுன்னுட்டாங்க"ன்னு சொல்லிட்டு நகருங்க. முடியாத விஷயத்துக்கு டைஸ் கொடுக்குறது டிஎம் பண்ற தப்பு. என்பிசி வேண்டாம்னா வேண்டாம்தான்னு நாலு தடவை பாத்துட்டா பிளேயர் கேரக்டர் மேல கை வைக்குற எண்ணமே பல பேருக்கு வராது.

கேள்வி: புதுசா ஒரு கேம்பெயின், பல செஷன் தொடர்ற கதை, நடத்தப் போறேன். செஷன் ஸீரோல, அதாவது ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி கூடிப் பேசுறப்போ, இந்த விஷயத்தை பேசணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அஞ்சு பேரை உக்கார வச்சு "செக்ஸ் பத்தி உங்க கருத்து என்ன"ன்னா கேக்க முடியும்? வாயே வரல.

அப்படி கேட்டா யாருக்குமே வாய் வராது, கேக்குற விதத்தை மாத்துங்க. கருத்து கேக்காதீங்க, கதைல என்ன இருக்கலாம்னு கேளுங்க. கண்ணடிக்கிறது, கிண்டலா ஃபிளர்ட் பண்றது, முத்தம், கல்யாணம், துரோகம், கர்ப்பம், குழந்தை, இப்படி ஒவ்வொண்ணா. ஒருத்தருக்கு முத்தம் ஓகேவா இருக்கும், கர்ப்பம் பத்தி மட்டும் பேச்சே வரக்கூடாதுன்னு இருக்கும், அதுக்குப் பின்னாடி என்ன நடந்திருக்குன்னு உங்களுக்கு தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதுக்கு ரொம்ப எளிமையான முறை லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ். ரான் எட்வர்ட்ஸ் தன்னோட சார்சரர் கேமுக்கு 2003ல செக்ஸ் அண்ட் சார்சரின்னு ஒரு துணை நூல் போட்டார், அதுல வந்தது. லைன்னா கோடு, அந்த விஷயம் நம்ம கதைல வரவே வராது. வெய்ல்னா திரை, கதைல நடக்கும், ஆனா விவரிக்க மாட்டோம், கதவு சாத்துச்சு, அடுத்த நாள் காலைனு தாண்டிடுவோம். ஒரு பேப்பரை ரெண்டா பிரிச்சு எழுதினா போதும். முதல் ஆளா நீங்களே உங்க கோட்டை சொல்லுங்க, டிஎம் வாயைத் திறந்தாத்தான் மத்தவங்க திறப்பாங்க. பேச கூச்சமா இருந்தா முன்னாடியே ஆளாளுக்கு தனியா எழுதி அனுப்ப சொல்லுங்க, யார் சொன்னதுன்னு பேர் போடாம மொத்த பட்டியலை மட்டும் மேஜைல வைங்க. மாண்டி குக் கேம்ஸ் 2019ல கன்சென்ட் இன் கேமிங்னு ஒரு சின்ன புக் இலவசமாவே கொடுத்தாங்க, டிக் அடிக்கிற மாதிரி ஒரு ஃபார்ம் அதுல இருக்கு, அதையும் எடுத்துக்கலாம்.

பாலியல் வன்முறையை மட்டும் யாரையும் கேக்காமயே முதல் கோடா போட்டுடுங்க. "வில்லன் கெட்டவன்னு காட்டணும்ல"ன்னு யாராவது சொல்லுவாங்க. வில்லனை கெட்டவனா காட்ட ஆயிரம் வழி இருக்கு. கேட்டுத்தான் போடணும்னா, பாதிக்கப்பட்டவங்க அந்த மேஜைல இருந்தா அவங்கதான் கைய தூக்கி வேண்டாம்னு சொல்ற நிலைமை வரும், அந்த பாரத்தை அவங்க மேல வைக்கவே கூடாது.

செஷன் ஸீரோல எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சிட முடியாது, அதுக்குத்தான் ஜான் ஸ்டவ்ரோபௌலஸ் உருவாக்கின எக்ஸ் கார்டு. எக்ஸ் போட்ட ஒரு அட்டை நடுவுல இருக்கும், யாராவது தொட்டா அந்த சீனை மாத்திட்டு போயிட்டே இருக்கணும், ஏன்னு கேக்கக்கூடாது. ஆனா அட்டை வச்சிட்டோம், கடமை முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க. ஒருத்தர் உறைஞ்சு போய் உக்காந்திருக்கும்போது கை அட்டை வரைக்கும் நீளாது. யாரோ திடீர்னு போனை எடுத்து பாக்குறாங்க, யாரோ ரொம்ப நேரமா பேசவே இல்ல, அப்போ அஞ்சு நிமிஷம் பிரேக்னு சொல்ற வேலை உங்களது.

கேள்வி: எங்க குரூப்ல 15, 16 வயசு பசங்க ரெண்டு பேர் இருக்காங்க, மத்தவங்க பெரியவங்க. காதல் கதை எவ்ளோ தூரம் போகலாம்?

அந்த மேஜைல பாலியல் விஷயம் வேண்டாம், திரைக்குப் பின்னாடியும் வேண்டாம், யார் கேட்டாலும் வேண்டாம். பெரியவங்க கேரக்டரும் அந்த பசங்க கேரக்டரும் ஜோடி சேர்ற கதையும் கூடவே கூடாது. என்பிசி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிறது, ராஜகுமாரனுக்கு வீரன் மேல ஒரு மயக்கம் இருக்குறது, இந்த அளவு போதும். பெரியவங்களுக்கு அதுக்கு மேல ஆடணும்னா தனியா வேற ஒரு குரூப் வச்சுக்கோங்க.

கேள்வி: நான் ஜிஎம். ஒரு பிளேயரோட கேரக்டர் என் என்பிசியை காதலிக்குது, அந்த பிளேயர் என் காலேஜ் ஃபிரண்ட். அவன் முகத்தைப் பாத்து காதல் வசனம் பேச எனக்கு உடம்பெல்லாம் கூசுது. கதையை வெட்டவும் மனசு வரல, நல்லா போயிட்டு இருக்கு.

வெட்டாதீங்க, பேசுறதை மட்டும் மாத்துங்க. நீங்க அந்த என்பிசியா மாறி "நான் உன்னை..."ன்னு பேசணும்னு எந்த சட்டமும் இல்ல. "அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் தன் மோதிரத்தை கழட்டி உன் கைல வச்சுட்டு திரும்பிப் பாக்காம போறா"ன்னு கதை சொல்ற மாதிரி சொல்லுங்க. அவரும் "என் கேரக்டர் அவளுக்கு ஆறுதலா ஏதோ சொல்றான்"னு சொன்னா போதும். படர்க்கைல சொல்லும்போது கூச்சம் பாதி போயிடும், சில நேரம் நடிச்சுக் காட்டுறதை விட இதுதான் மனசுல நிக்குது.

கூச்சத்தை விட பெரிய பிரச்சனை ஒண்ணு இருக்கு, பல ஜிஎம் காதலிக்கிற என்பிசியை பரிசுப் பொருளா ஆக்கிடுறாங்க. பிளேயர் ஆசைப்பட்டா கிடைக்கும், கிடைச்ச பின்னாடி ஒரு ஓரமா நிக்கும், வில்லன் வந்து கடத்திட்டுப் போறப்போதான் மறுபடி ஞாபகம் வரும். அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்? இவனைத் தவிர அவளுக்கு என்ன கவலை இருக்கு? இவன் எதைச் செஞ்சா அவ விட்டுட்டுப் போவா? இந்த மூணுக்கும் பதில் எழுதி வச்சுக்கோங்க, சீன் தானா வரும். 2010ல வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட்ல கேரக்டர்கள் உடலளவுல நெருக்கமானா ஒவ்வொரு வகை கேரக்டருக்கும் தனித்தனியா ஒரு விதி உண்டு. ஆனா அந்த விதிங்க கதவுக்கு உள்ள நடந்ததை எட்டிப் பாக்குறதில்ல, அந்த நெருக்கத்தால அவங்களுக்குள்ள என்ன மாறுதுன்னுதான் பாக்குது. கதைக்கு வேண்டியதும் அதுதானே.

கேள்வி: என் மனைவியும் நானும் ஒரே குரூப்ல ஆடுறோம். அவளோட கேரக்டரும் இன்னொரு நண்பரோட கேரக்டரும் காதலிக்கிறாங்க. கதை நல்லாத்தான் இருக்கு, நண்பரும் நல்லவர், எல்லாம் வெறும் விளையாட்டுன்னு தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்தா ரெண்டு நாள் மனசு சரியில்ல. இதை சொன்னா சின்னப்புத்தின்னு நெனப்பாளோன்னு பயமா இருக்கு.

இது சின்னப்புத்தி இல்ல சார், இதுக்கு ஒரு பேரே இருக்கு. கேரக்டரோட உணர்ச்சி ஆளுக்குள்ள கசியுறதையும், ஆளோட உணர்ச்சி கேரக்டருக்குள்ள கசியுறதையும் ப்ளீட்னு சொல்வாங்க, எமிலி கேர் பாஸ்ங்கிற கேம் டிசைனர் 2007ல பின்லாந்துல நடக்குற ரோப்கான்ல பேசினப்போ வச்ச பேர். ஆடுறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு இல்ல, பக்கத்துல உக்காந்து பாக்குறவங்களுக்கும் வருது. விளையாட்டுன்னு மூளைக்கு தெரியும், ஆனா உங்க மனைவி குரல் தழுதழுக்க இன்னொருத்தர்கிட்ட "போகாத"ன்னு சொல்றதை காது நிஜமாத்தான் கேக்குது.

சொல்லுங்க, ஆனா செஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த ராத்திரி வேண்டாம், ரெண்டு பேருமே அப்போ கதைக்குள்ளதான் இருப்பீங்க. அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ நிதானமா சொல்லுங்க. "நீ தப்பு பண்ற"ன்னு ஆரம்பிக்காதீங்க, அவங்க தப்பு எதுவும் பண்ணல. "அந்த சீன் பாத்தா எனக்கு ஒரு மாதிரி ஆகுது, உன்கிட்ட மறைக்க வேண்டாம்னு தோணுச்சு"ன்னு உங்க பக்கத்தை மட்டும் சொல்லுங்க. பல நேரம் இது வெளிய வந்தாலே பாதி கனம் குறைஞ்சிடும். அதுக்கப்புறமும் உறுத்துச்சுன்னா கதையை நிறுத்தாமயே மாத்த முடியும்: அந்த ஜோடியோட நெருக்கமான சீன் எல்லாம் திரைக்குப் பின்னாடி, நேர்ல நடிக்கிறது சண்டையும் பிரிவும் மட்டும்னு மூணு பேரும் டிஎம்மும் பேசி வச்சுக்கலாம். அப்பவும் முடியலைன்னா அந்தக் காதல் கதையையே விட்டுடுங்க, ஒரு கேம்பெயினை விட உங்க வீடு முக்கியம், அதை அந்த நண்பரும் ஒத்துக்குவார்.

இன்னொரு பழக்கமும் உதவும். செஷன் முடிஞ்சதும் உடனே கலையாம பத்து நிமிஷம் எல்லாரும் சொந்தப் பேர்ல கூப்பிட்டு பேசுங்க, இன்னைக்கு எது பிடிச்சுது, எது கனமா இருந்துச்சுன்னு. "அவன் அவளை விட்டுட்டுப் போனான்"னு கேரக்டரை அவன், அவள்னு தள்ளி வச்சுப் பேசுங்க. சட்டுனு கதைல இருந்து இறங்கி வீட்டுக்கு ஓடுறதாலதான் பாதி கசிவு.

கேள்வி: கேம்ல என் கேரக்டரும் ஒருத்தரோட கேரக்டரும் ஜோடி. இப்போ செஷன் இல்லாத நாள்லயும் அவர் கேரக்டர் பேர்ல ராத்திரி மெசேஜ் அனுப்புறார், "என் ராணி தூங்கிட்டாளா"ன்னு. பதில் போடலைன்னா அடுத்த செஷன்ல மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறார்.

இவர் கேரக்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு உங்ககிட்ட பேசுறார். உங்க மேல நிஜமா விருப்பம் இருந்தா அவர் சொந்தப் பேர்ல, சொந்த வாயால கேக்கணும், நீங்க வேண்டாம்னா அதோட விடணும். கேரக்டர் பேர்ல வந்தா நீங்க மறுக்கவும் முடியாது, மறுத்தா "ரோல்பிளேதானே"ன்னு சொல்லிடலாம், அந்த வசதிக்காகத்தான் இது.

ஒரே ஒரு மெசேஜ், உங்க சொந்தப் பேர்ல: "கேரக்டர் பேச்சு மேஜைல மட்டும், இனிமே இங்க அனுப்பாதீங்க." டிஎம்முக்கும் சொல்லி வைங்க. மறுபடி வந்தா அந்த ஜோடிக் கதையை முடிச்சிட சொல்லுங்க, ராணி தூர தேசத்துக்கு தூது போயிட்டான்னு டிஎம் ஒரு வரில முடிக்கலாம். அதுக்கு அவர் கோவிச்சுக்கிட்டா அது அவர் பாடு, சமாதானப்படுத்துற வேலைய நீங்க எடுத்துக்காதீங்க.

கேள்வி: ரெண்டு பேர் காதல் சீன் ஓடும்போது மத்த மூணு பேரும் சும்மா உக்காந்திருக்கோம். நிறுத்த சொன்னா காதலுக்கு எதிரிங்கிறாங்க.

சீன் அஞ்சு நிமிஷம்தான்னு வைங்க, அதுக்கு மேல வேணும்னா ரெண்டு செஷனுக்கு நடுவுல அவங்களா எழுதிக்கட்டும். இன்னொரு வழி, மத்த மூணு பேரையும் உள்ள இழுங்க: ஒருத்தர் அந்த ஜோடிக்கு தூது போகட்டும், ஒருத்தர் பொண்ணோட அண்ணனா வந்து மறிக்கட்டும். ஊரே தலையிட்டா காதல் கதை இன்னும் சூடாத்தான் இருக்கும்.

கேள்வி: நானும் என் பார்ட்னரும் ரெண்டு பேர் மட்டும் ஆடுற மாதிரி, காதலே கதையா இருக்குற கேம் இருக்கா? டிராகன் அடிச்சு அலுத்துப் போச்சு.

இருக்கு, நல்லாவே இருக்கு. ரெண்டு பேருக்குன்னா முதல்ல ஸ்டார் கிராஸ்டு சொல்லுவேன், அலெக்ஸ் ராபர்ட்ஸ் பண்ணது, 2019ல வந்தது. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு உயிரையே விடுற அளவு ஆசை, ஆனா சேரவே கூடாத ரெண்டு பேர், அதுதான் கதை. டைஸ் கிடையாது, மரக்கட்டைகளை அடுக்கி ஒரு டவர் வச்சுக்கணும், கதைல நெருங்க நெருங்க கட்டையைத் தொடணும், உருவணும், டவர் சரிஞ்ச நொடி அந்த ரெண்டு பேரும் தங்களை அடக்க முடியாம ஆசைப்படி நடந்துக்குவாங்க. கை நடுங்குறது கேரக்டருக்கா உங்களுக்கான்னே தெரியாது, இவ்ளோ அழகா ஒரு விதி காதலைப் பிடிச்சு வச்சு நான் வேற எங்கயும் பாக்கல.

அதுக்கும் முன்னாடி 2005லயே எமிலி கேர் பாஸ் பிரேக்கிங் தி ஐஸ்னு ஒண்ணு பண்ணாங்க, மேல ப்ளீட் பத்தி சொன்னேனே அதே ஆள்தான். ஒரு ஜோடியோட முதல் மூணு டேட்தான் மொத்த ஆட்டமும். ஆரம்பத்துலயே உங்க ரெண்டு பேருக்கும் நிஜ வாழ்க்கைல எதுல வித்தியாசம்னு பாத்து அதுல ஒண்ணை கேரக்டர்ல மாத்தி எடுத்துக்கணும், அதனால உங்க பார்ட்னர் இடத்துல இருந்து உலகத்தைப் பாக்குற மாதிரி ஆகும். நிறைய வருஷம் சேந்து வாழ்ந்தவங்களுக்கு கூட இதுல புதுசா ஏதாவது தெரிய வரும்.

பின்னாடி குரூப்போட ஆடணும்னு தோணுச்சுன்னா ரெண்டு சொல்றேன். வாள் சண்டையும் வேணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதையும் வேணும்னா ஏப்ரல் கிட் வால்ஷோட தர்ஸ்டி ஸ்வோர்ட் லெஸ்பியன்ஸ், கேம் எழுத்துக்கான நெபுலா விருது வாங்கினது, அதுல எதிரியை வெட்டுறதும் எதிரி மேல மயங்குறதும் ஒரே சீன்ல நடக்கும். பொறுமையா பல தலைமுறை போற கதை வேணும்னா கிரெக் ஸ்டாஃபோர்டோட பெண்ட்ராகன், 1985லயே வந்தது. வீரனோட காதல் அதுல கேரக்டர் ஷீட்ல ஒரு நம்பரா இருக்கும், அவன் கல்யாணம் பண்ணுவான், குழந்தை பிறக்கும், அவன் செத்த பின்னாடி மகனை எடுத்து நீங்க ஆடுவீங்க.

ஆனா உங்க கேள்விக்கு ஸ்டார் கிராஸ்டுல இருந்தே ஆரம்பிங்க. ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிடும், ஆட உக்காரும்போது ரெண்டு பேரும் போனை வேற ரூம்ல வச்சிட்டு வாங்க, கோடு எது திரை எதுன்னு ரெண்டே பேரா இருந்தாலும் முதல்ல பேசிக்கோங்க, ஏன்னா பார்ட்னர்ங்கிறதாலயே "இவங்களுக்கு எல்லாம் ஓகேவாத்தான் இருக்கும்"னு நெனச்சு கேக்காம விடுறது ரொம்ப ஈஸி.